ஆறு ஓடுகிறது, வாய்க்கால் காய்கிறது: டெல்டாவில் ஆற்றுக் கோளாறைக் கண்டுபிடிக்க ஒரு வழிகாட்டி

மேட்டூரில் ஜூன் 12 அன்று தண்ணீர் திறந்தால் மூன்று நான்கு நாளில் கல்லணைக்கு வந்துவிடும். அங்கே பூத்தூவி வரவேற்று, காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய், கொள்ளிடம் என்று பிரித்து விடுவார்கள். நம் கஷ்டம் அதற்கு அப்புறம்தான் ஆரம்பம். திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை பக்கம் எந்தக் குறைதீர் கூட்டத்துக்குப் போனாலும் மனுவில் இருப்பது ஒரே வரி: “தண்ணீர் வரவில்லை, தூர்வாரிக் கொடுங்கள்.” அந்த ஒரு வரிக்குள் நாலைந்து வேறு வேறு கோளாறுகள் ஒளிந்திருக்கின்றன. ஒன்றுக்கு மருந்து இன்னொன்றுக்கு விஷம். ஆற்றுப் படுகை இறங்கிப்போன இடத்தில் வாய்க்காலை எத்தனை முறை தூர்வாரினாலும் பயனில்லை. வடிகால் அடைத்துக்கிடக்கும் இடத்தில் கரையை உயர்த்தினால் வெள்ளம் வயலிலேயே உட்கார்ந்துகொள்ளும்.

என் வாதம் இதுதான்: எத்தனை கன அடி என்று கேட்பதற்கு முன்னால் மட்டம் எங்கே இருக்கிறது என்று பாருங்கள். டெல்டா தட்டையான பூமி. இங்கே ஓரடி ஏற்ற இறக்கம் ஒரு கிராமத்தின் பாசனத்தையே திருப்பிப்போட்டுவிடும். அந்த ஓரடியைப் பெரும்பாலும் மாற்றுவது நாம்தான். அணை கட்டுவது, மணல் அள்ளுவது, ரோடு போடுவது, மனை பிரிப்பது, இறால் குட்டை வெட்டுவது எல்லாம் அதில் சேரும்.

தேவையான சாமான்கள் அதிகமில்லை. கொத்தனார் மட்டம் பார்க்க வைத்திருக்கும் டியூப் லெவல் (தண்ணீர் நிரப்பிய கண்ணாடி போன்ற ரப்பர் குழாய்), ஒரு டேப், நேரான மூங்கில் குச்சி ஒன்று, மூடியுள்ள கண்ணாடி பாட்டில், தண்ணீரில் கரைந்த உப்பைக் காட்டும் கையடக்கமான டி.டி.எஸ். மீட்டர், படம் எடுக்க போன். டியூபில் காற்றுக் குமிழ் இல்லாமல் தண்ணீர் நிரப்புங்கள். குமிழ் இருந்தால் அளவு பொய் சொல்லும்.

அறிகுறி: ஆற்றில் தண்ணீர் ஓடுகிறது, தலைமதகில் ஏறவில்லை

இதுதான் இப்போது அதிகம் கேட்கும் புகார். இதைத்தான் அதிகம் தப்பாகவும் புரிந்துகொள்கிறார்கள்.

ஆற்றிலிருந்து வாய்க்கால் பிரியும் இடத்து மதகுதான் தலைமதகு. அதன் அடித்தளத்தில், அதாவது தண்ணீர் உள்ளே நுழையும் கல்லின் மேல்மட்டத்தில், டியூபின் ஒரு முனையைப் பிடிக்கச் சொல்லுங்கள். அந்த முனையில் நீர் கல்லின் மட்டத்தில் நிற்க வேண்டும். மறுமுனையை ஆற்றுப் படுகையில் ஊன்றிய குச்சியோடு சேர்த்துப் பிடித்து, நீர் நிற்கும் இடத்தைக் குச்சியில் குறியுங்கள். குறியிலிருந்து மணல் வரை எத்தனை அடி? கல்லும் மணலும் கிட்டத்தட்ட சமமாக இருந்தால் ஆறு நலமாக இருக்கிறது, கோளாறு வேறெங்கோ. மணல் மூன்றடி நாலடி கீழே கிடந்தால் படுகை இறங்கிவிட்டது. அப்போது ஆற்றில் இடுப்பளவு தண்ணீர் ஓடினாலும் மதகு அதை வேடிக்கைதான் பார்க்கும்.

டியூப் இல்லாவிட்டாலும் ஆறே சாட்சி சொல்லும். பழைய படித்துறைக்குப் போங்கள். கடைசிப் படிக்குக் கீழே, யாரும் பார்ப்பதற்காகக் கட்டாத அஸ்திவாரச் செங்கல் வெளியே தெரிகிறதா? ஆடிப்பெருக்குக்கு இறங்கப் பெண்கள் மூட்டை அடுக்கிப் படி செய்துகொள்கிறார்களா? கரை மருதமரத்தின் வேர் காற்றில் தொங்குகிறதா? கூட்டுக் குடிநீர்த் திட்டக் கிணற்றின் உறைகள், ஆற்று நடுவில் ஒன்றன்மேல் ஒன்றாக வெளியே நிற்கின்றனவா? இதில் இரண்டு இருந்தாலே போதும்.

காரணம் இரண்டு. முதலாவது மேலே இருக்கும் அணைகள். ஓடும் தண்ணீருக்கு மண்ணைச் சுமக்கும் தெம்பு உண்டு. அணையில் தேங்கும்போது சுமையை அங்கேயே இறக்கிவிட்டு வெறுங்கையாக வெளியே வருகிறது. வந்ததும் அந்தத் தெம்பு தீர, அணைக்குக் கீழே உள்ள படுகையையும் கரையையும் அரித்துச் சுமந்துகொள்ளும். இரண்டாவது மணல் குவாரி. தமிழ்நாட்டில் 2003 முதல் ஆற்றுமணல் எடுப்பதை அரசே நடத்துகிறது. அனுமதியோடும் அனுமதி இல்லாமலும் பொக்லைன் இறங்கிய இடங்கள் எவை என்று உங்களுக்கே தெரியும். கவனிக்க வேண்டிய சங்கதி ஒன்று: குவாரிக் குழி வெட்டிய இடத்தோடு நிற்பதில்லை. குழிக்குள் விழும் தண்ணீர் குழியின் மேல்விளிம்பை அரிக்கும், விளிம்பு பின்வாங்கும், பள்ளம் ஆற்றின் மேல்நோக்கி ஊர்ந்துகொண்டே போகும். கீழ்ப்பக்கத்திலோ, வரும் மணலையெல்லாம் குழி விழுங்கிவிடுவதால் அங்கேயும் அரிப்பு. எனவே உங்கள் மதகுக்கு எதிரே குவாரி இல்லை என்பதால் குவாரிக்குச் சம்பந்தமில்லை என்று விட்டுவிடாதீர்கள். மேலேயும் கீழேயும் சில கிலோமீட்டர் நடந்து பாருங்கள்.

2018 ஆகஸ்ட்டை நினைத்துப் பாருங்கள். குடகில் பேய்மழை, எல்லா அணைகளும் நிரம்பி, மேட்டூரிலிருந்து வினாடிக்கு 2 லட்சம் கன அடிக்கு மேல் திறந்தார்கள். கொள்ளிடத்தில் கரைபுரண்டு கடலுக்குப் போனது. திருச்சியில் கொள்ளிடத்தின் பழைய இரும்புப் பாலத்தின் தூண்கள் சரிந்தன. ஆகஸ்ட் 22 அன்று முக்கொம்பு மேலணையில் ஒன்பது மதகுகள் உடைந்து அடித்துச் செல்லப்பட்டன. அதே மாதத்தில்தான் கடைமடையில், அதாவது வாய்க்காலின் கடைசி வயல்களில், தண்ணீர் வரவில்லை என்று சாலைமறியல் நடந்தது. தண்ணீர் இல்லாததால் வந்த பஞ்சமல்ல அது.

சரி, என்ன செய்வது? படுகை இறங்கியிருந்தால் கேட்க வேண்டியது படுகை அணை. தலைமதகுக்குக் கொஞ்சம் கீழே, ஆற்றின் குறுக்கே, பழைய படுகை மட்டத்துக்கு ஒரு தாழ்வான சுவர். ஆற்றை அடைக்காது, மட்டத்தை மட்டும் பிடித்து நிறுத்தும். பின்னால் மணல் சேரச் சேர படுகை மெல்ல ஏறும். கூடவே அந்த நீளத்தில் மணல் அள்ளுவது நிற்க வேண்டும். இல்லாவிட்டால் சுவர் சேர்த்துத் தரும் மணலும் லாரியில் போய்விடும்.

செய்யக் கூடாதது, வாய்க்காலை இன்னும் ஆழமாக வெட்டுவது. தலைமதகில் தண்ணீர் ஏறவில்லை என்று வாய்க்கால் தரையை இரண்டடி இறக்கிவிட்டால் தண்ணீர் வாய்க்காலுக்குள் வரும், வயலுக்கு ஏறாது. வயல் மதகின் குழாய் இப்போது தண்ணீருக்கு மேலே இருக்கும். அப்புறம் ஆளாளுக்கு ஆயில் எஞ்சின் வைத்து இறைக்க வேண்டியதுதான். நேராகப் பாய்ந்த வாய்க்கால்கள் இப்படி எஞ்சின் பாசனமாக மாறிய ஊர்கள் உண்டு. தூர்வாருவது என்றால் பழைய தரைமட்டம் வரை எடுப்பது. அதற்குக் கீழே போனால் அது வெட்டுவது.

ஒரு கிளைக்கதை. இருநூறு வருஷத்துக்கு முன் இங்கே நேர்மாறான நோய். முக்கொம்பில் பிரியும் கொள்ளிடத்துக்குச் சரிவு அதிகம். தண்ணீர் அந்தப் பக்கமே சாய்ந்தது, காவிரியின் வாய் மணல் மேடிட்டுக்கொண்டே போனது, தஞ்சாவூர் வயல்கள் காய்ந்தன. 1836இல் ஆங்கிலேயப் பொறியாளர் ஆர்தர் காட்டன் கொள்ளிடத்தின் குறுக்கே மேலணையைக் கட்டத் தொடங்கினார். தண்ணீர் காவிரிக்குத் திரும்பியது, கொஞ்சம் அதிகமாகவே திரும்பியது. காவிரியின் தலையில் படுகை அரிபட்டு ஆழமாகத் தொடங்கவே, காவிரிக்குக் குறுக்கேயும் ஒரு சுவர் போட்டு மட்டத்தைப் பிடிக்க வேண்டி வந்தது. ஆற்றை ஓரிடத்தில் தொட்டால் அது வேறோரிடத்தில் கணக்குத் தீர்க்கும் என்று அப்போதே தெரிந்திருந்தது.

படுகை சரியாக இருந்து, வாய்க்கால் வாயில் மட்டும் மணல் திட்டு இருந்தால் அது சாதாரண மேடிடல். தூர்வாரினால் போதும். இரண்டும் சரி, ஆற்றில்தான் நீர்மட்டம் குறைவு என்றால் ரெகுலேட்டரில் (ஆற்றின் குறுக்கே உள்ள நீரொழுங்கி மதகில்) மதகைத் திறந்து மூடும் லஸ்கரிடம் கேஜ் அளவை, அதாவது நீர்மட்ட அளவை, கேளுங்கள். முறை வைத்து விடுகிறார்களா என்பதும் அங்கேயே தெரிந்துவிடும்.

அறிகுறி: மதகில் ஏறுகிறது, கடைமடைக்கு வந்து சேரவில்லை

இதைக் கண்டுபிடிக்க ஒரே வழி, முதல் தண்ணீரோடு கூடவே நடப்பது. மதகு திறந்த அன்று காலையில் கிளம்புங்கள். தண்ணீரின் முன்விளிம்பு சருகையும் நுரையையும் பாட்டிலையும் தள்ளிக்கொண்டு போகும். எங்கே அந்தக் குப்பை நின்று சுற்றுகிறதோ அங்கே ஒரு கோளாறு. போட்டோ எடுங்கள், மேலேயும் கீழேயும் நீர்மட்ட வித்தியாசத்தை அளந்து குறியுங்கள். இரண்டாவது முறை தண்ணீர் வரும்போது நடந்தால் ஒன்றும் தெரியாது, எல்லாம் மூழ்கியிருக்கும்.

பெரும்பாலும் சிக்குவது இவைதான்: மண்டிய நெய்வேலி காட்டாமணக்கு, ஆகாயத்தாமரை, மனைப் பிரிவுக்குப் பாதை வேண்டும் என்று வாய்க்காலில் இறக்கிய சிமென்ட் குழாய், புதிய ரோட்டுக்கு அடியில் போட்ட குறுகலான கல்வெர்ட். செடியை எல்லாரும் பார்ப்பார்கள். குழாயை யாரும் பார்ப்பதில்லை. பத்தடி அகல வாய்க்காலை இரண்டடிக் குழாய்க்குள் புகுத்தினால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை. குழாய்க்கு மேல்பக்கம் ஓட்டம் தளர்ந்து வண்டல் படியும், வண்டலில் கோரை முளைக்கும், கோரை இன்னும் வண்டலைப் பிடிக்கும். அடுத்த வருஷம் தூர்வார டெண்டர் விடுவார்கள், குழாய் அப்படியே இருக்கும்.

குழாயின் தரைமட்டத்தையும் பாருங்கள். வாய்க்கால் தரையைவிட உயரமாகப் போட்டிருந்தால் அது குழாயல்ல, அணை.

அறிகுறி: மழை விட்டு நாலு நாளாகியும் வயல் வடியவில்லை

சம்பாவும் தாளடியும் வடகிழக்குப் பருவமழையில் மூழ்குவது புதிதல்ல. முன்பெல்லாம் இரண்டு நாளில் வடிந்தது இப்போது ஒரு வாரம் நிற்கிறது என்றால்தான் கோளாறு.

முதலில் உங்கள் வாய்க்கால் பாசனமா வடிகாலா என்று தெளிவாகுங்கள். வெண்ணாற்றுப் பகுதியில் இந்தக் குழப்பம் எப்போதும் உண்டு. மேல் ஊருக்கு வடிகாலாக இருப்பது கீழ் ஊருக்குப் பாசனம். பாண்டவையாறு, வெள்ளையாறு, அரிச்சந்திரா நதி, அடப்பாறு எல்லாம் தண்ணீரைக் கொண்டும் வரும், கொண்டும் போகும். ஜூனில் தேக்கி வைக்கக் குறுக்கே போட்ட மண்மூட்டையை நவம்பரில் எடுக்க மறந்தால் மேல் ஊர் மூழ்கும். சண்டை இங்கேதான் தொடங்குகிறது.

அடுத்தது, வயலிலும் வடிகாலிலும் கடல்முகத்திலும் மூன்று மட்டங்கள் எடுங்கள். வயலில் தண்ணீர் நிற்கிறது, பக்கத்து வடிகாலில் மட்டம் ஓரடி கீழே என்றால் அடைப்பு உங்கள் வரப்புக்கும் வடிகாலுக்கும் நடுவில். நாமே மூடிய கன்னி வாய்க்காலை (வயலிலிருந்து போகும் சின்ன வாய்க்காலை) தேடுங்கள். வடிகாலும் வயலும் ஒரே மட்டத்தில் என்றால் அடைப்பு கீழே இருக்கிறது.

கீழே போனால் கடல் ஏற்றம், வற்றம் பார்க்க வேண்டும். நாகப்பட்டினம், வேதாரண்யம் ஓரத்து வயல்கள் பலவும் கடல் மட்டத்துக்கு ஓரிரு மீட்டர்தான் மேலே. அமாவாசை, பௌர்ணமி ஒட்டிக் கடல் அதிகம் ஏறும். அந்த நாட்களில் கனமழையும் சேர்ந்தால் ஆறு கடலுக்குள் போக வழியில்லாமல் நிற்பது இயற்கை. ஆனால் வற்றத்தின்போது மட்டம் மளமளவென்று இறங்க வேண்டும். வற்றத்திலும் வடிகால் மட்டம் அசையவில்லை என்றால் முகத்துவாரம் அடைத்திருக்கிறது. அலை கொண்டுவந்து போடும் மணலை ஆறு தன் வேகத்தால் தள்ளிக்கொண்டே இருந்தால்தான் முகம் திறந்திருக்கும். வருஷத்தில் பாதி நாள் ஆறு ஓடாவிட்டால் கடல் கதவைச் சாத்திவிடும். பருவமழைக்கு முன் முகத்துவார மணலை வெட்டிவிடுவது தற்காலிக வைத்தியம், ஆனால் செய்தே ஆக வேண்டியது.

மட்டம் இறங்குகிறது, ஆனால் ஆமை வேகத்தில் என்றால் வடிகாலின் அகலத்தை நில வரைபடத்தோடு ஒப்பிடுங்கள். கிராம வரைபடத்தில் எத்தனை சங்கிலி (சர்வே அளவு), நேரில் எத்தனை? கடலோர வடிகால்களில் இரண்டு கரையிலும் இறால் குட்டைகள் வந்து நடுவில் ஒரு சந்து மிஞ்சிய இடங்கள் உண்டு. சர்வோதயத் தலைவர் ஜெகந்நாதன் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996லேயே கடலோர இறால் பண்ணைகளைக் கட்டுப்படுத்தித் தீர்ப்பளித்தது. அளவெடுத்துப் புகார் கொடுப்பவர்கள் அதைக் குறிப்பிடலாம்.

கரையை உயர்த்துங்கள் என்று மட்டும் கேட்காதீர்கள். கரை உயர்ந்தால் ஆறு உள்ளே வராது, வயலின் தண்ணீரும் வெளியே போகாது. கரைக்கு அடியில் ஒருவழி மதகு இருக்கிறதா, அதன் கதவு துருப்பிடித்து நிற்கிறதா என்று பார்ப்பதுதான் முதல் வேலை.

அறிகுறி: போர் தண்ணீர் உப்புக் கரிக்கிறது

நாக்கை நம்பாதீர்கள், பழகிய நாக்குக்கு உப்பு தெரியாது. மீட்டரில் அளந்து தேதியோடு எழுதுங்கள். காலையில் மோட்டார் போட்டவுடன் ஒரு அளவு, மூன்று மணி நேரம் ஓடிய பின் ஒரு அளவு.

ஓட ஓட உப்பு ஏறி, இரண்டு நாள் நிறுத்தினால் குறைகிறது என்றால் கீழே கிடக்கும் உப்பு நீரை உங்கள் மோட்டாரே மேலே உறிஞ்சுகிறது. கடலோரத்தில் நன்னீர் உப்பு நீரின் மேல் மிதக்கிறது. கணக்கு பயங்கரமானது: கடல் மட்டத்துக்கு மேல் நன்னீர் ஓரடி இறங்கினால் அடியில் உப்பு நீர் ஏறக்குறைய 40 அடி மேலே வரும். ஆகவே இன்னும் ஆழமாகப் போர் போடுவது உப்பைத் தேடிப் போவது. ஆழம் குறைந்த இரண்டு மூன்று போர்களில் பிரித்து, கொஞ்சம் கொஞ்சமாக இறைப்பதே சரி.

ஆழத்துப் போர் நன்றாக இருந்து மேல் கிணறு மட்டும் கரித்தால், உப்பு மேலேயிருந்து வருகிறது. பக்கத்தில் இறால் குட்டையா, கடல் ஏறிவரும் ஆறா என்று பாருங்கள். கொள்ளிடத்தின் கடைசிப் பகுதியில் இரண்டாவதுதான் பெரிய தொல்லை. படுகை தாழ்ந்துவிட்டது, தள்ள நன்னீர் ஓட்டமும் இல்லை, கடல் ஆற்று வழியாக உள்ளே நடந்து வருகிறது. ஆதனூர்–குமாரமங்கலம் கதவணை கட்டியதில் இதைத் தடுக்கும் நோக்கமும் உண்டு. மணல் போனதில் இன்னொரு நஷ்டம்: ஆற்று மணலே ஒரு நீர்த்தொட்டி. வெள்ளம் போன பிறகும் அதில் தங்கும் தண்ணீர் பக்கத்து ஊர்களின் நிலத்தடிக்கு மெல்ல இறங்கிக்கொண்டிருந்தது. மணல் எடுத்துக் களிமண் தெரியும் இடத்தில் அது நின்றுவிட்டது.

நெல்லுக்கு எது தாங்கும்? ஈ.சி. என்பது உப்பைக் காட்டும் மின்கடத்துத் திறன், அலகு மீட்டருக்கு டெசிசீமன்ஸ். பாசன நீரின் ஈ.சி. அளவு 2ஐத் தாண்டினால் மகசூல் குறையத் தொடங்கும், மண்ணின் ஈ.சி.க்கு எல்லை 3. நாற்றங்கால் இன்னும் நோஞ்சான். ஆற்றுத் தண்ணீர் கொஞ்சம்தான் கிடைக்கிறது என்றால் அதை நாற்றுக்கும், பூக்கும் பருவத்துக்கும் வைத்துக்கொள்ளுங்கள்.

அறிகுறி: கரை சரிகிறது, பாலத்தூணின் அடி தெரிகிறது

முதல் அறிகுறியின் அதே நோய். படுகை இறங்கினால் கரையின் கால் போய்விடும், மேலே கல் பதித்தாலும் மொத்தமாகச் சரியும். படுகையைச் சரிசெய்யாமல் போட்ட தடுப்புச் சுவருக்குச் செலவு கணக்கு மட்டும் மிஞ்சும். பாலத்தூணின் அடி தெரிந்தால் அன்றே போட்டோவோடு நெடுஞ்சாலைத் துறைக்கும் தாசில்தாருக்கும் எழுதுங்கள்.

அறிகுறி: தண்ணீர் கண்ணாடி மாதிரி வருகிறது, வயலில் வண்டல் இல்லை

பெரியவர்கள் புதுத்தண்ணீர் செக்கச்செவேலென்று வந்ததைச் சொல்வார்கள். சோதித்துப் பாருங்கள்: முதல் தண்ணீரைப் பாட்டிலில் பிடித்து அலமாரியில் வையுங்கள். மணல் ஒரு நிமிஷத்துக்குள் அடியில் இறங்கும், வண்டல் சில மணி நேரத்தில். களி மறுநாளும் கலங்கலாகவே நிற்கும். மறுநாள் அடியில் என்ன தடிமன்?

வேடிக்கை என்னவென்றால், மேலே மண் அரிப்பு குறையவில்லை. குடகில் காட்டை அழித்துச் சரிவில் ரோடும் விடுதியும் வந்ததும், நீலகிரியில் சோலை போய்த் தேயிலையும் உருளைக்கிழங்கும் வந்ததும் அரிப்பைக் கூட்டத்தான் செய்தன. அந்த மண் நமக்கு வருவதில்லை. ஹாரங்கி, ஹேமாவதி, கபினி, கிருஷ்ணராஜசாகர், 1934 முதல் மேட்டூர், நீலகிரிப் பக்கம் குந்தா அணைகள், பவானிசாகர் என்று வழியெங்கும் இறங்கிவிடுகிறது. 93.47 டி.எம்.சி. என்று நாம் சொல்லும் மேட்டூரின் கொள்ளளவு கட்டியபோது இருந்தது. அந்த இடத்தில் ஒரு பங்கை இன்று நம் வயலுக்கு வந்திருக்க வேண்டிய வண்டல் பிடித்துக்கொண்டிருக்கிறது.

இதை ஊர் மட்டத்தில் சரிசெய்ய முடியாது. ஈடு கட்டலாம். குளத்து வண்டலை விவசாயத்துக்கு இலவசமாக எடுத்துக்கொள்ளத் தாசில்தார் அனுமதி தருகிறார். கோடையில் எடுத்து அடிக்கலாம். பசுந்தாள் உரமாகத் தக்கைப்பூண்டை விதைத்து மடக்கி உழலாம்.

அறிகுறி: கடற்கரை ஊருக்குள் வருகிறது

தரங்கம்பாடியில் மாசிலாமணிநாதர் கோவிலின் முன்பகுதியைக் கடல் எப்போதோ கொண்டுபோய்விட்டது, ஆகவே இது முழுக்க அணை யுகத்து நோயல்ல. ஆனால் ஆறு கொண்டுவரும் மணல்தான் கரைக்குச் சாப்பாடு, அது குறைந்த பின் அரிப்பு கூடுவது நியாயம்தான். இந்தக் கரையில் மணல் மொத்தத்தில் தெற்கிலிருந்து வடக்கே நகர்கிறது. உங்கள் ஊரில் கல் போட்டு நேர்கல் சுவர் கடலுக்குள் நீட்டினால் தெற்கே மணல் சேரும், வடக்கே அடுத்த குப்பம் அரிபடும். உங்கள் ஊருக்குத் தெற்கே புதிதாகக் கல்லோ துறைமுகச் சுவரோ வந்திருக்கிறதா என்று முதலில் பாருங்கள். வந்திருந்தால் இரண்டு ஊரும் சேர்ந்துதான் மனு கொடுக்க வேண்டும்.

மனு எழுதும்போது “தூர்வாரிக் கொடுங்கள்” என்பதை விட்டுவிட்டு இப்படி எழுதிப் பாருங்கள்: “இன்ன தேதியில், இன்ன தலைமதகின் அடித்தளம் ஆற்றுப் படுகையைவிட இத்தனை அடி உயரத்தில் இருக்கிறது. படம் இணைத்துள்ளோம். இந்த இடத்தின் வடிவமைப்பு மட்டம் என்ன, இப்போதைய மட்டம் என்ன என்று தெரிவிக்கவும்.” பதில் வராவிட்டால் அதே கேள்வியைத் தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். மட்டப் பதிவேடு பொறியாளர் அலுவலகத்தில் இருக்க வேண்டும். அடுத்த வருஷம் மே மாதம், தண்ணீர் வருவதற்கு முன், அதே கல்லில் அதே டியூபை வைத்து மறுபடி அளந்து பதிவோடு சேருங்கள்.